வீட்டுத் தோட்டத்துச் செடிகளுக்குப் பெயர்த்தகடு: சித்திரை வெயிலுக்கும் ஆடிக் காற்றுக்கும் தாங்கும்படி செய்யும் முறை

ஒரு வருஷம் நாற்றுத் தட்டில் பஜ்ஜி மிளகாயும், நிமிர்ந்து காய்க்கும் காரமான காந்தாரி மிளகாயும் பக்கத்துப் பக்கத்து வரிசையாகப் போட்டு, ஐஸ்கிரீம் குச்சியில் மார்க்கரால் பெயர் எழுதிச் செருகியிருந்தேன். நாற்று பிடுங்கும் நேரத்தில் குச்சிகள் வெள்ளையாக நின்றன. காரம் ஆகாத அத்தைக்கு "பஜ்ஜி மிளகாய்" என்று குத்துமதிப்பாக நாலு நாற்று கொடுத்தனுப்பினேன். மூன்று மாதம் கழித்து போன் வந்தது. "ஏல, நீ தந்த பஜ்ஜி மொளகா வானத்தப் பாத்துல்லா நிக்கு!"

அதற்குப் பிறகுதான் இந்த வேலையை ஒழுங்காகச் செய்யத் தொடங்கினேன். புதிதாகத் தோட்டம் போடுபவர்கள் எங்கெங்கே சறுக்குகிறார்கள் என்பதையும் பார்த்துவிட்டேன். பெரும்பாலும் பொருளில் பிழை இல்லை, வரிசையில்தான் பிழை. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. முதலில் செடிகளை ஆயுளை வைத்துப் பிரியுங்கள்

எல்லாச் செடிக்கும் ஒரே மாதிரிப் பெயர்த்தகடு வேண்டியதில்லை. ஒரே மாதிரி செய்ய உட்கார்ந்தால் பத்தாவது தகட்டில் சலித்துப்போய், மிச்சத்தை மார்க்கரில் எழுதிவிடுவீர்கள். ஒரு தாளில் செடிகளை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்.

நாற்றுத் தட்டில் இருப்பவை முதல் வகை. கத்தரி, தக்காளி, மிளகாய் எல்லாம் 4 முதல் 6 வாரத்தில் இடம் மாறிவிடும். இதற்குத் தயிர் டப்பாவில் வெட்டிய துண்டும் பென்சிலும் போதும்.

ஒரு பருவம் நிற்பவை இரண்டாம் வகை: வெண்டை, அவரை, சுரை, பீர்க்கு. இதற்குப் பிவிசி குழாய்த் துண்டு.

ஆண்டுக்கணக்கில் நிற்பவை மூன்றாம் வகை. ஒட்டு மா, எலுமிச்சை, கொய்யா, செம்பருத்தி, ரோஜா, மூலிகைகள். இவற்றுக்கு மட்டும் அலுமினியத் தகடு. உழைப்பை இங்கே செலவிடுங்கள்.

மரக்குச்சி, மூங்கில் பத்தை எதுவும் எந்தப் பட்டியலிலும் இல்லை. நம் திருநெல்வேலிப் பக்கத்துச் செம்மண்ணில் கரையானுக்குப் பெயர்ப்பலகை என்றும் தெரியாது, விறகு என்றும் தெரியாது. மண்ணுக்குள் இருக்கும் பாகத்தை முதலில் தின்றுவிடும்.

2. பொருள் சேர்ப்பது

அலுமினியத்துக்கு நான் போவது அச்சகத்துக்கு. ஆப்செட் அச்சில் ஒரு வேலை முடிந்ததும் கழித்துப்போடும் பிளேட் நல்ல அலுமினியம். தடிமன் பெரும்பாலும் 0.15 முதல் 0.30 மில்லிமீட்டர் வரை இருக்கும். எடைக்குப் போடுவார்கள். அச்சகத்தில் இல்லையென்றால் பழைய இரும்புக் கடையில் கேளுங்கள். "அண்ணாச்சி, பிரஸ் பிளேட்டு கெடக்கா, மெல்லிசா?" என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். "அலுமினியத் தகடு" என்று பொதுவாகக் கேட்டால் கையில் கிடைப்பது ஓட்டை விழுந்த குண்டான் மூடி. அதைக் கத்தரியால் வெட்ட முடியாது, பேனாவால் அழுத்தவும் முடியாது.

0.15 தடிமன்தான் வசதி. 0.30 தகட்டில் எழுதிப் பார்த்துவிட்டு மணிக்கட்டு வலிக்கிறது என்று விட்டவர்களைத் தெரியும். இரண்டு விரலால் லேசாக வளைத்துப் பாருங்கள். கெட்டித் தாள் போல வளைந்தால் அதுதான் வேண்டியது.

குளிர்பானக் கேன் இரண்டாம்பட்சம். அதன் சுவர் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான். எழுதச் சுகமாக இருக்கும், ஆனால் ஓரம் பிளேடு மாதிரி அறுக்கும், காற்றில் சீக்கிரம் மடங்கும்.

தகட்டை மண்ணில் நிறுத்தச் சைக்கிள் கடையில் கழித்த ஸ்போக்ஸ் கம்பி வாங்குங்கள். கட்டடத்துக்குக் கம்பி கட்டும் கறுப்புக் கட்டுக்கம்பி வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழை ஒன்று போனால் துரு ஏறி ஒடியும். உவரி, கூடங்குளம் பக்கம் கடற்காற்றில் இன்னும் சீக்கிரம்.

பிவிசிக்கு எலக்ட்ரீஷியன் வேலை நடந்த வீட்டில் மிஞ்சிய வெள்ளை வயரிங் குழாய், 20 அல்லது 25 மில்லிமீட்டர் விட்டம். காசு கேட்க மாட்டார்கள்.

கருவிகள்: பழைய கத்தரிக்கோல் (தையல் கத்தரியை எடுத்தால் வீட்டில் சண்டை), இரும்பு ஸ்கேல், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா, 1 அங்குல ஆணி, சுத்தியல், ஒரு பலகைத் துண்டு, உப்புத்தாள், இரும்பு அறுக்கும் ரம்பத்தின் பிளேடு, சாதாரண எச்.பி. பென்சில்.

3. தகட்டை வெட்டுவது

ஒரு தகடு 10 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலம். எனக்குக் கிடைத்த பிளேட் 50க்கு 40 செ.மீ. அதில் 65 தகடு வந்தது. ஒரு வீட்டுக்குத் தாராளம்.

வெட்டுவதற்கு முன் பிளேட்டின் பின்பக்கம் எது என்று பாருங்கள். அச்சு மை ஒட்டிய பக்கம் முன்பக்கம். பின்பக்கம்தான் வெறும் அலுமினியமாக இருக்கும். எழுத வேண்டியது அங்கேதான். மை ஒட்டிய பக்கத்தைக் கழுவித் துடைத்து நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

கோடு போட்டு, கத்தரியை முழுவதும் மூடாமல் முக்கால் வாசி மூடி நகர்த்திக்கொண்டே வெட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் கடைசிவரை மூடினால் அந்த இடத்தில் சின்னப் பல் விழும், கையைக் கிழிப்பது அந்தப் பல்தான். நாலு மூலையையும் துளி துளி நறுக்கிவிடுங்கள்.

கேன் என்றால் மேல் கீழ் வட்டங்களை நீக்கி, உருளையைப் பிளந்து, சுருண்ட திசைக்கு எதிராக மேஜை விளிம்பில் இழுத்து நிமிர்த்துங்கள். எழுதுவது கேனின் உட்பக்கத்தில்.

4. ஓரம் மடிப்பதும் துளை போடுவதும்: எழுதுவதற்கு முன்பே

இங்கேதான் பலர் வரிசை மாறுகிறார்கள். ஆசையாகப் பெயரை எழுதிவிட்டு, பிறகு துளை போட ஆணியை வைத்தால் அது கத்தரியின் "க"வில் போய் உட்காரும். மடிக்கும்போது எழுதிய பள்ளமும் நசுங்கும்.

நீள ஓரங்கள் இரண்டிலும் 3 மில்லிமீட்டர், எழுதாத பக்கமாக மடியுங்கள். ஸ்கேலை வைத்து நகத்தால் நிமிர்த்தி, பிறகு ஸ்கேலின் தட்டைப் பக்கத்தால் அழுத்தினால் போதும். கை அறுக்காது என்பது ஒரு காரணம். பெரிய காரணம், மடித்த ஓரம் தகட்டுக்கு முதுகெலும்பு மாதிரி. மடிக்காத தகடு ஆனியில் வளைந்து ஆடியில் கிழியும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றை மொட்டை மாடியில் நின்று வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இடது ஓரத்திலிருந்து 6 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி, மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு துளை. பலகையில் வைத்து, எழுதும் பக்கத்திலிருந்து ஆணியை ஒரே தட்டு. பின்னால் பிதுங்கும் சிலும்பைத் திருப்பிப் போட்டுத் தட்டி அமுக்கிவிடுங்கள்.

ஒரு துளை மட்டும் போட்டுத் தொங்கவிடுவதுதான் மிகச் சாதாரணமான தவறு. தொங்கும் தகடு ராத்திரி முழுக்கப் படபடக்கும். துளை தேய்ந்து தேய்ந்து ஓரம்வரை போய், ஒருநாள் தகடு பக்கத்து வீட்டில் கிடக்கும்.

5. எழுதுவது

முழு வேலையின் உயிர் இதுதான். மை நிலைக்காது, பள்ளம் நிலைக்கும். மார்க்கரின் நிறம் சாயம், சாயத்தை வெயிலின் புற ஊதாக் கதிர் உடைத்துவிடும். "அழியாத மார்க்கர்" என்று உறையில் போட்டிருப்பது தண்ணீருக்கு அழியாது என்ற கணக்கில்தான். பாளையங்கோட்டை வெயிலைப் பற்றி அந்த உறையில் ஒன்றும் எழுதியிருக்காது. அலுமினியத்தில் அழுத்திய பள்ளத்தை வெயில் ஒன்றும் செய்ய முடியாது.

அடியில் என்ன வைக்கிறீர்கள் என்பது பேனாவைவிட முக்கியம். மேஜை மீது வைத்து எழுதினால் பள்ளமே விழாது, கீறல்தான் விழும். மெத்தென்ற ரப்பர் செருப்பின் மேல் வைத்தால் தகடே குழிந்து கோணும். ஒரு தினசரித்தாளை முழுதாக மடித்து வையுங்கள், சரியாக இருக்கும். பேனா அமுங்கும், தகடு கோணாது.

மை தீர்ந்த பால்பாயிண்ட்தான் வேண்டும். மை உள்ள பேனா வழுக்கும், கையும் தகடும் நீலமாகும். ஜெல் பேனாவும் மெல்லிய 0.5 நுனியும் தகட்டைக் கிழிக்கும். ஒரே இழுப்பில் ஆழமாக எழுதப் பார்க்காதீர்கள். முதல் தடவை லேசாக வடிவம், இரண்டாம் தடவை அதே தடத்தில் அழுத்தம், மூன்றாம் தடவை உறுதி. முதல் தடவையிலேயே அழுத்தினால் சுழி வளைவில் பேனா தடம் விலகும், விலகியதை அலுமினியத்தில் அழிக்க முடியாது.

தமிழில் எழுதுவதற்கென்று சில சங்கடங்கள் உண்டு. எழுத்து 8 மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் "ண", "ணை" சுழிகள் ஒன்றோடொன்று கலந்து வெறும் புழு நெளிந்த மாதிரி தெரியும். புள்ளியைக் குத்தி வைக்காதீர்கள், ஓட்டை விழும். குண்டூசித் தலை அளவு சின்ன வட்டமாகச் சுழற்றுங்கள். "ர"வுக்கு அடியில் சாய்கோட்டைக் கொஞ்சம் நீட்டியே இழுங்கள். பள்ள எழுத்தில் "ர"வும் துணைக்காலும் ஒன்றாகத் தெரியும், அடுத்த வருஷம் நீங்களே எழுத்துக்கூட்ட வேண்டியிருக்கும்.

தகட்டில் இரண்டு வரி எழுத இடம் உண்டு. மேல் வரியில் பயிரும் வகையும். "அவரை" என்று மட்டும் எழுதுவதில் புண்ணியம் இல்லை. அவரை என்பது காய்த்தாலே தெரியும், எந்த வகை அவரை என்பதுதான் நாற்றில் தெரியாது. கீழ் வரியில் நட்ட மாதமும் வருஷமும், ஒரு எண்ணும். எண் எதற்கு என்பதை 10ஆம் பகுதியில் சொல்கிறேன். "அத்தை வீட்டு வெள்ளைக் கத்தரி, சந்தையில் வாங்கியது, விதைத்தது..." என்று கதையைத் தகட்டில் ஏற்றாதீர்கள்.

6. கருப்பு ஏற்றுவது

இது கட்டாயம் இல்லை, ஆனால் இரண்டு நிமிஷ வேலை. வெறும் பள்ளம் உச்சி வெயிலில் பளபளப்போடு கலந்து கண்ணில் படாது. கறுப்பு எனாமல் பெயின்ட் ஒரு சொட்டைத் துணியால் தேய்த்து, உடனே வேறு துணியால் மேல்பரப்பை வழித்துவிடுங்கள். பள்ளத்தில் மட்டும் கறுப்பு நிற்கும். ஓலையில் எழுத்தாணியால் கீறி மேலே கரி பூசினார்களே, அதே வேலைதான். பெயின்ட் என்றாவது உதிர்ந்தாலும் பள்ளம் இருக்கும்.

7. ஸ்போக்ஸில் மாட்டுவது

ஸ்போக்ஸின் ஒரு நுனியில் மரை இருக்கும், மறுநுனி வளைந்து தலை வைத்திருக்கும். மரை நுனியை மேல் துளையில் முன்னிருந்து பின்னாக விட்டு, கீழ்த் துளையில் பின்னிருந்து முன்னாக எடுங்கள், துணியில் ஊசி ஓட்டுவது போல. தகடு வளைந்த தலைவரை ஏறி அங்கே நிற்கும்.

தலை மேலே, மரை நுனி மண்ணில். இதைத் தலைகீழாகச் செய்யாதீர்கள். களை எடுக்கக் குனியும்போது கண்ணுக்கு நேரே கூர்நுனி நிற்கக் கூடாது. குழந்தைகள் ஓடும் தோட்டமென்றால் கேட்கவே வேண்டாம்.

காற்றில் தகடு கொடி மாதிரித் திரும்பும். திரும்பட்டும். காற்றை எதிர்த்து விறைப்பாக நிற்பதுதான் வளையும்.

8. பருவச் செடிக்குப் பிவிசி

வயரிங் குழாயை 20 செ.மீ. துண்டாக அறுத்து, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துகொள்ளுங்கள். ஒரு முனையைச் சாய்வாக வெட்டினால் மண்ணில் இறங்கும். அறுக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொண்டு வெளியே உட்காருங்கள். நிமிர்த்துவதற்காக அடுப்பு நெருப்பில் காட்டாதீர்கள். பிவிசி கருகினால் வரும் புகை நெஞ்சை எரிக்கும் நஞ்சு. நிமிர்த்தவே தேவையும் இல்லை. ஓட்டு வடிவம் இருப்பதால்தான் அது காற்றில் மடங்காது.

குழிந்த உட்பக்கத்தை உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, பென்சிலால் எழுதுங்கள். வழவழப்பான பிளாஸ்டிக்கில் பென்சில் பிடிக்காது, தேய்க்காமல் எழுதிவிட்டுப் பென்சிலைத் திட்டுபவர்கள் அதிகம். பென்சில் முனையில் இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும். கிராஃபைட் கரி, வெயிலில் வெளிறாது. பருவம் முடிந்ததும் அதே உப்புத்தாளால் அழித்துவிட்டு அடுத்த பெயர் எழுதலாம்.

தயிர் டப்பாத் துண்டுக்கும் இதே முறைதான். ஆனால் அதை நாற்றுத் தட்டோடு நிறுத்துங்கள். மெல்லிய பிளாஸ்டிக் ஒரு கோடை வெயில் பட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கும்.

9. விதைக்கும் நாளில் எது முதலில்?

விதைப் பொட்டலத்தைப் பிரிக்கும் முன் பெயர்த்தகடு மண்ணில் நிற்க வேண்டும். "போட்டு முடிச்சிட்டு எழுதிக்கலாம்" என்று நாலு பொட்டலத்தையும் பிரித்து வைத்தால், நடுவில் வாசலில் யாராவது கூப்பிடுவார்கள், திரும்பி வந்தால் எந்த வரிசை எது என்று தெரியாது. கத்தரி விதையும் மிளகாய் விதையும் உள்ளங்கையில் பார்த்து வித்தியாசம் சொல்லப் பழகிய கண் வேண்டும், கத்தரியில் வகை பிரிக்க எந்தக் கண்ணாலும் முடியாது.

எனவே: தகட்டை ஊன்று, ஒரு பொட்டலம் பிரி, விதை, மிச்சத்தை மடித்து உள்ளே வை, பிறகு அடுத்த தகடு. ஒரே நேரத்தில் ஒரே பொட்டலம்தான் திறந்திருக்க வேண்டும்.

வரிசைக்கு இரண்டு முனையிலும் தகடு வையுங்கள். மயில் வரும் ஊர்களில் ஒரு முனைத் தகட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போகும், மறுமுனை காப்பாற்றும். தொட்டி என்றால் எல்லாத் தொட்டியிலும் ஒரே திசை விளிம்பில் ஊன்றுங்கள். இலை மூடிய பிறகு தடவித் தேட வேண்டியிருக்காது. பெயரைத் தொட்டியின் மேலேயே எழுதிவிடலாமே என்று கேட்பார்கள். செடி தொட்டி மாறும், பெயர் பழைய தொட்டியிலேயே தங்கிவிடும்.

நிலத்தில் 15 செ.மீ. ஆழமாவது இறக்குங்கள். கரிசல் மண்ணில் இன்னும் கொஞ்சம் ஆழம். கோடையில் பாளம் வெடிக்கும்போது மேலாக நிற்பதெல்லாம் சாய்ந்துவிடும்.

10. நோட்டு

தகட்டில் போட்ட எண்ணுக்கு எதிரே ஒரு நாற்பது பக்க நோட்டில் மீதிக் கதையை எழுதுங்கள்: விதை எங்கிருந்து வந்தது, எந்தத் தேதி போட்டது, எப்போது பூத்தது, என்ன பூச்சி. புளியங்குடியில் வாங்கிய எலுமிச்சைக் கன்றா, பக்கத்து வீட்டு விதையில் முளைத்ததா என்பது காய்க்கும் வருஷத்தில் தேவைப்படும், அதுவரை தகடு அதைச் சுமக்க வேண்டியதில்லை.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் தோட்டத்தின் படம் ஒன்று கோணல்மாணலாகவாவது போட்டு, எண்களைக் குறித்து வையுங்கள். தகடு தொலைந்தால் படம் சொல்லும்.

11. மரத்தில் கட்டுவது

இதில் பிழை செய்தால் தகடு பிழைக்கும், மரம் பிழைக்காது. நாற்றுப் பண்ணையிலிருந்து வரும் ஒட்டு மாங்கன்றில் நைலான் நூலால் இறுக்கிய சீட்டு ஒன்று இருக்கும். அதை நட்ட அன்றே வெட்டிவிட்டு, பெயரை உங்கள் தகட்டுக்கு மாற்றுங்கள். தண்டு பருக்கும், நூல் பருக்காது. பட்டைக்குள் நூல் புதைந்து, அதற்கு மேலே உள்ள கொப்பு காய்ந்துபோன கன்றை நான் தோண்டி எடுத்திருக்கிறேன்.

தண்டில் கட்டாமல் பக்கக் கொப்பில் கட்டுங்கள், இரண்டு விரல் நுழையும் வளையமாக. கட்டுவதற்கு மேலே பிளாஸ்டிக் உறை உள்ள மிச்ச வயர் போதும். உறை உரித்த செம்புக் கம்பியை நேரடியாக அலுமினியத் துளையில் மாட்டாதீர்கள். ஈரத்தில் செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் அரிக்கும். மழைக்காலம் முடியும்போது துளையைச் சுற்றி வெள்ளைப் பொடி தெரியும். மரத்தில் ஆணி அடிப்பதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

12. வருஷத்துக்கு இரண்டு முறை

வைகாசிக் கடைசியில், காற்று எழும்பும் முன், எல்லாக் கம்பியையும் ஒரு தடவை அசைத்துப் பாருங்கள். ஆடுவதை ஆழமாக இறக்குங்கள். புரட்டாசியில், மழைக்கு முன், மரத்து வளையங்களைப் பார்த்து இறுகியதைத் தளர்த்துங்கள்.

போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் தகட்டின் மேல் உப்பு வெள்ளையாகப் படியும். புளி தேய்த்து உடனே கழுவினால் போய்விடும். ஊற விடாதீர்கள், புளிப்பு அலுமினியத்தையும் தின்னும். பாபநாசம், களக்காடு போல ஈரம் நிற்கும் பக்கத்தில் பாசி பிடிக்கும், அதற்குப் பழைய பல் துலக்கும் பிரஷ்.

செடி போன பிறகு அதன் தகட்டைத் தூர எறியாமல் திருப்பிப் போட்டு, அச்சு மை இருந்த பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்தால் அடுத்த பெயருக்கு ஆகும். ஆனால் பழைய பெயரின் பள்ளம் பின்னால் மேடாகத் தெரியும். அதன் மேல் எழுதாமல், மேட்டைச் சுத்தியலால் லேசாகத் தட்டி அமுக்கிவிட்டு எழுதுங்கள். என் கொய்யாத் தகட்டை வெயில் சாய்ந்து படும் நேரத்தில் பார்த்தால் அடியில் "காந்தாரி" என்பது இன்னும் மங்கலாகத் தெரிகிறது.